காற்றும் வெளிச்சமும் அமானிதமே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வியாபாரம் செய்து வாழும் சமூகம் நம் சமூகம். ஆகையால் இந்தப் பக்கங்களில் தராசைப் பற்றியும், வட்டியைப் பற்றியும், ஜக்காத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவையாவும் பேசத் தக்கவையே. ஆனால் அந்தத் தராசு தொங்குகின்ற கூரையைப் பற்றி நாம் பேசுவது அபூர்வம். நம் கடைச் சுவர் யாருடைய காற்றை மறிக்கிறது, நம் கடைச் சாக்கடை யாருடைய வாசலில் போய்த் தேங்குகிறது என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. அது நகரசபையின் வேலை, இஞ்சினீயரின் வேலை, அதற்கும் தீனுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பிழையென்று நமக்குப் புரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறர் குறையைச் சொல்லுமுன் தன் குறையைச் சொல்வதே முறை.

நம்முடையது பழைய கடைவீடு. முன்னால் அஞ்சடி, நடுவே வானம் பார்த்த ஒரு சிறு முற்றம், பின்னால் சமையற்கட்டு, மேலே மாடி. வியாபாரம் பெருகிற்று, அரிசி மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் இடம் போதவில்லை. மழைத் தண்ணீர் விழுகிறதென்று நடுமுற்றத்தின் மேல் தகரம் போட்டு அடைத்தோம். மாடியைப் பலகைகளால் தடுத்து, வேலையாட்கள் படுப்பதற்கு நான்கு அறைகள் ஆக்கினோம். அவற்றில் ஒன்றுக்குத்தான் ஜன்னல் இருந்தது. வேறிடத்துக்கு வாடகை கொடுக்காமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

சில மாதங்கள் சென்றன. ஊரிலிருந்து வந்து நம்மிடம் வேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு இருமல் கண்டது. இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தோம், நிற்கவில்லை. உடம்பு இளைத்தது. இரவில் வேர்த்துக் கொட்டியது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது காசநோய் என்று சொன்னார்கள். இவர் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்பார் என எதிர்பார்த்தோம். அதற்கு நம்மிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு. "இவர் எங்கே படுக்கிறார்?" என்று கேட்டார்.

நமக்கு நா எழவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னோம். அதே அறையில் படுத்தவர்களைச் சோதித்ததில் இன்னொருவருக்கும் அந்நோய் தொற்றியிருந்தது. இருவரும் ஆறு மாதம் தவறாமல் மருந்து உட்கொண்டு, அல்லாஹ்வின் கிருபையால் குணமடைந்தார்கள். தகரத்தை அந்த வாரமே கழற்றினோம். ஆயினும் அந்தக் கேள்வியை நம்மால் கழற்றி எறிய முடியவில்லை. நாளை மஹ்ஷரிலும் அதே கேள்வி நம்மிடம் கேட்கப்படுமானால் என்ன சொல்வோம்? இதுவே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்பும் விஷயம்.

ஸூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் தஆலா வானத்தை உயர்த்தியதைச் சொல்லி, உடனே மீஸானை அமைத்ததையும் சொல்கிறான். அந்த மீஸானில் வரம்பு மீற வேண்டாம் என்று எச்சரித்த பிறகே நிறுவையில் குறைக்க வேண்டாம் என்று கட்டளையிடுகிறான். நாம் வியாபாரிகளாதலால் இரண்டாவது கட்டளை மட்டும் நம் காதில் உரக்க விழுகிறது. முதலாவது கட்டளையோ கடைத் தராசை விடப் பெரிய தராசைப் பற்றியது. காற்று, நீர், வெளிச்சம், மண், மரம் ஆகிய யாவும் அதன் தட்டில் அளவோடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஸூரத்துர் ரூமின் 41ஆவது ஆயத்தோ, மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றின் காரணமாகத் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டதென்றும், அவர்கள் திரும்பிவரும் பொருட்டு அதன் பலனில் ஒரு பகுதியை இவ்வுலகிலேயே சுவைக்கச் செய்கிறானென்றும் அறிவிக்கிறது. திரும்பி வருவதற்கு வழி இருக்கிறதென்பதும் அந்த ஆயத்திலேயே அடங்கியுள்ளது.

இனி, நாம் குடியிருக்கும் கடைவீட்டையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நகரை அமைக்க 1822இல் ராஃபிள்ஸ் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, வீதியின் இருபுறமும் கட்டடங்களின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்பது. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கன் நனையாமல் காயாமல் நடப்பதற்காக ஏற்பட்டதே அஞ்சடி. கட்டடம் நம்முடையது, நடக்கும் உரிமையோ எல்லாருடையது. அந்த உரிமைக்கும் கடைக்காரருக்கும் இடையே ஏற்பட்ட வழக்கு மிகப் பழையது. 1888இல் அஞ்சடிகளை அடைத்திருந்த சரக்குகளை அகற்ற நகரசபை முற்பட்டபோது சிங்கப்பூரில் கடைகள் மூடப்பட்டுக் கலகமே மூண்டது.

கடைவீட்டின் உள்ளமைப்பும் யோசித்துச் செய்யப்பட்டதே. வீதிப் பக்கம் அகலம் குறைவு. உள்ளே நீளம் அதிகம். அவ்வளவு நீண்ட வீட்டின் வயிற்றுக்குள் காற்றும் வெளிச்சமும் இறங்க நடுமுற்றம் ஒன்றே வழி. சூடான காற்று அதன் வழியே மேலெழும்ப, வீதியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஜனங்கள் பெருகி, வாடகை ஏறியபோது இந்த அமைப்பு குலைந்தது. முற்றங்கள் மூடப்பட்டன. மாடிகள் பலகைத் தடுப்புகளால் கூறுபோடப்பட்டன. பின்புறச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஜன்னலே இல்லாத அறைகளில் குடும்பங்களும் கூலியாட்களும் அடைந்து கிடந்தனர்.

க்ஷயம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் நடுங்கிய காசநோய் இவ்வறைகளில் குடியேறிற்று. சிங்கப்பூரின் சுகாதார நிலைமையை ஆராய 1906இல் வந்த பேராசிரியர் ஸிம்ப்ஸன், 1907இல் வெளிவந்த தம் அறிக்கையில் காரணத்தைத் திட்டமாகச் சொன்னார். வீடுகளின் ஆழமும், வெளிச்சமில்லாத அறைகளும், காற்றோட்டமின்மையும், நெரிசலுமே நோயை வளர்க்கின்றன. வீடுகளின் பின்னால் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றார். இன்று நாம் குப்பைத் தொட்டி வைக்கவும் சாமான் இறக்கவும் பயன்படுத்துகிற பின்சந்துகள் பல, காற்றும் வெளிச்சமும் வருவதற்காகவும் கழிவை அகற்றுவதற்காகவும் வெட்டப்பட்டவை. பிறகு 1927இல் சிங்கப்பூர் நகர அபிவிருத்தி டிரஸ்டும், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் ஏற்பட்டு, அந்த இருட்டறைகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

காசநோயின் கிருமியை 1882இல் ராபர்ட் காக் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நோயாளியின் இருமலோடு வெளிவந்து காற்றிலே மிதக்கிறது. காற்றோடும் அறையில் அது நீர்த்துப்போகிறது. வெயில் பட்டால் மடிகிறது. அடைத்த அறையிலோ அடுத்தவர் மூச்சுக்காக அது காத்திருக்கிறது. நம் கடை மாடியில் அந்தத் தம்பியின் மார்பில் புகுந்த கிருமியை நாம் படைக்கவில்லை; உண்மைதான். ஆனால் அது தங்குவதற்கு அறை கட்டிக் கொடுத்தவர்கள் நாமே.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது ரஸூலே கரீம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வகுத்த விதி. இப்னு மாஜாவிலும் முவத்தாவிலும் அது பதிவாகியுள்ளது. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவே நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். நீர்த்துறை, நடுவழி, நிழல் ஆகிய மூன்று இடங்களையும் அசுத்தம் செய்வோர் சாபத்துக்கு ஆளாவர் என்று எச்சரித்ததை அபூதாவூத் அறிவிக்கிறது. இம்மூன்றும் யாருடைய சொத்து? தனி மனிதர் எவருடையதும் அன்று. எல்லாரும் பயன் பெறுகிற பொது இடங்கள். ஒருவர் சொத்தைத் திருடினால் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். பொது நிழலைக் கெடுத்தால், அதில் ஒதுங்கிய முகமறியாத ஆயிரம் பேரை எங்கே தேடி மன்னிப்புக் கேட்பது?

முற்காலத்து முஸ்லிம் நகரங்களில் இவை வெறும் உபதேசமாக நின்றுவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் கட்டட வல்லுநராக இருந்த இப்னு ராமி, கட்டடங்களின் சட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடுத்த வீட்டுக்குப் போகும் புகை, நாற்றம், இரைச்சல், பிறர் வீட்டைப் பார்க்கும் ஜன்னல், கழிவுநீர் வடிகால் ஆகியவை பற்றிய வழக்குகளை அதில் ஆராய்ந்தார். புகைபோக்கியும் சாக்கடையும் காஜியார் தீர்ப்புச் சொல்லும் ஹக்கு விவகாரங்களாக இருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா என்றால், போதாது, அறிவும் வேண்டும். இதற்கு இந்த மலாயா மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கொசுவே மலேரியாவைச் சுமக்கிறதென்று ரொனால்டு ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகளில், 1901இல், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பிலே வெட்டிய துறைமுகமாதலால் தொழிலாளர்கள் காய்ச்சலில் வரிசையாக விழுந்தனர்; துறைமுகத்தை மூடிவிடுவதா என்ற நிலை வந்துவிட்டது. கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துப் புதரை வெட்டச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

இதைக் கண்டு, காட்டை வெட்டினால் மலேரியா ஒழியும் என்று எண்ணியவர்கள் மலைச்சரிவுகளிலும் அப்படியே செய்தனர். அங்கே நேர்மாறாக நடந்தது. தாழ்நிலத்துக் கொசு வேறு, மலையோடைக் கொசு வேறு. மலையில் நோயைப் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. மரநிழல் போனதும் அது பெருகிற்று. அந்த மலைச்சரிவுகளின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். காய்ச்சலுக்கு ஏராளமாக உயிர் கொடுத்தவர்களும் அவர்களே. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிட்டும், எண்ணெய் தெளித்தும் வாட்சன் பிறகு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரே அரிவாள் ஓரிடத்தில் மருந்தாகவும் ஓரிடத்தில் விஷமாகவும் ஆயிற்று. மீஸான் என்பதன் பொருள் இதுதான். அளவறியாமல் மண்ணில் கை வைப்பவன், நிறுக்காமல் விற்கிற வியாபாரியைப் போன்றவன்.

கெடுத்ததைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு சிங்கப்பூர் ஆறு சாட்சி. நகரம் உண்டான தொடக்க காலத்தில் அந்த ஆற்றில் சரக்குத் தோணி வலித்தவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோர்களான சூலியாக்கள். பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொங்கான்களின் எண்ணெயும், கரையோரக் கடைகளின் எச்சிலும், பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவும், குடிசைகளின் மலமும் கலந்து ஆறு செத்தது. 1977இல் அரசாங்கம் பத்தாண்டுக் கெடு வைத்துத் துப்புரவைத் தொடங்கிற்று. பண்ணைகள் அகற்றப்பட்டன, குடிசைவாசிகளுக்கு வேறு வீடுகள் கொடுக்கப்பட்டன, தெருக்கடைகள் கூரையும் குழாயும் உள்ள இடங்களுக்குச் சென்றன, 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. 1987இல் வேலை முடிந்தபோது ஆற்றில் மீன்கள் திரும்பியிருந்தன. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின், அந்த ஆறு வந்து சேரும் நீர்நிலை குடிநீர்த் தேக்கங்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆற்றின் நீரைச் சுத்தப்படுத்தி நம் பிள்ளைகள் இன்று குடிக்கிறார்கள். இடம் பெயர்ந்த சிறு வியாபாரிகளுக்கு அதில் நஷ்டமும் வருத்தமும் இருந்ததென்பதையும் மறுப்பதற்கில்லை. பொது நன்மைக்கு விலையுண்டு. அந்த விலையை ஏழையின் தலையில் மட்டும் கட்டாதிருப்பதே நீதி.

ஆற்றைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நாம் காற்றைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. சிமெண்டும் தாரும் பகலில் வெயிலை விழுங்கி, இரவில் மெதுவாகக் கக்குகின்றன. சிங்கப்பூரின் கட்டட நெரிசலான பகுதிகளுக்கும் மரங்கள் நிறைந்த புறப்பகுதிகளுக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரைகூட வெப்பம் வேறுபட்டதை ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். சூடு தாங்காமல் நாம் குளிர்சாதனம் மாட்டுகிறோம். அது சூட்டை அழிப்பதில்லை. உள்ளிருக்கும் சூட்டை எடுத்து, தான் உண்டாக்கும் சூட்டையும் சேர்த்து, அஞ்சடியில் நடப்பவர் மீதோ பின்சந்தில் பாத்திரம் கழுவுபவர் மீதோ ஊதுகிறது. நாம் குளிர்வதற்காக அயலார் வேகிறார்.

அதோடு நிற்பதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரத்துக்கு இந்நாடுகளில் பெரும்பாலும் எரிவாயுவும், மலேசியாவில் நிலக்கரியும் எரிகின்றன. குளிரூட்டும் இயந்திரங்களில் அடைக்கும் வாயுக்களில் சில, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 2,000 மடங்கு பூமியைச் சூடாக்கும் சக்தி உடையவை. வருஷந்தோறும் ஆளைக் கூப்பிட்டு வாயு தீர்ந்துவிட்டது, நிரப்பிக் கொடு என்கிறோமே, தீர்ந்த வாயு எங்கே போயிற்று என்று கேட்டோமா? அது வானத்துக்குப் போயிற்று. இவ்வாயுக்களைக் குறைப்பதற்காகவே 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு செய்தன. சிமெண்டு உற்பத்தியிலிருந்து மட்டும் உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 100க்கு சுமார் 8 பங்கு வருகிறது. ஆகவே தேவையில்லாமல் இடித்துக் கட்டுகிற ஒவ்வொரு சுவருக்கும் வானத்திலும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது.

நம் ஒரு கடையினால் பூமி கெட்டுவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். புகாரியில் வரும் கப்பல் உவமையை நினைவு கூருங்கள். ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம் கிடைத்தது. கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே போய் அவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று எண்ணி, தங்கள் பங்கிலேயே ஓட்டை போட முற்பட்டார்கள். மற்றவர்கள் அவர்களைத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர், விட்டுவிட்டால் எல்லாரும் அழிவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஓட்டை போட்டவரின் எண்ணத்தில் கெடுதல் இல்லை. தம் பங்கில்தான் போட்டார். கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தவர்களின் சந்ததியான நமக்கு இந்த உவமையை விளக்கவும் வேண்டுமா? என் கடை, என் சுவர், என் பணம் என்பது அந்தக் கீழ்த்தளத்துப் பேச்சு.

இனி, தொடங்கிய இடத்துக்கே வருவோம். வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். சாப்பாட்டில் நம் முதலாளிமார் பலர் குறை வைப்பதில்லை; அல்ஹம்துலில்லாஹ். பெருநாளைக்குத் துணியும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் உணவிலும் உடையிலும் சகோதரராக இருப்பவர், இரவானதும் சரக்கு மூட்டை ஆகிவிடலாமா?

2020இல் கொரோனா வந்தபோது இதன் விலையைக் கண்டோம். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தவர்களில், அவ்வாண்டு முடிவதற்குள், 100க்கு 47 பேருக்கு அந்நோய் தொற்றியிருந்ததென்று அரசாங்கக் கணக்கே கூறிற்று. இந்நாட்டின் அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் அவர்கள். அவர்களில் நம் தமிழகத்துப் பிள்ளைகளும் ஏராளம். ஊர் முழுதும் ஒரே நோய்தான். ஆனால் நெருக்கிப் போட்ட கட்டில்களுக்கு இடையே அது ஓடிய வேகம் வேறு. அதன்பின் 2021இல், புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதென்று விதி செய்யப்பட்டது. மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்காக 1990இல் வந்த சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளில் வேலையாட்களுக்கு இடம் கொடுக்கும் முதலாளிகளையும் கட்டுப்படுத்துகிறது. சாப்பாட்டுக் கடையும் அதற்கு விலக்கன்று. அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டுப் பாயைச் சுருட்டி மறைக்கிறவர் யாரை ஏமாற்றுகிறார்? ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழி. அந்த விசாரணைக்கு முன்னறிவிப்பு வராது.

வாடகை ஏறிவிட்டது, லாபம் குறைந்துவிட்டது, எங்கே போவது என்ற சிரமம் நமக்குத் தெரியாததன்று. நாமும் அதே பேரேட்டைப் புரட்டுகிறவர்கள்தாம். ஆனால் கணக்கையே முழுதாகப் போட்டுப் பாருங்கள். தகரத்தைக் கழற்றவும், சுவரில் ஒரு ஜன்னல் திறக்கவும், காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று மாட்டவும் நமக்கு ஆன செலவு, இரண்டு ஆட்கள் வேலைக்கு வராமல் கிடந்த மாதங்களின் நஷ்டத்தை விடக் குறைவு. இதையும் நஷ்டம் என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. தாயிடமிருந்து பிரிந்து வந்த பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் பேரேட்டில் விலை எழுதுவது?

ஆகவே சகோதரர்களே, நம்மால் இயன்ற சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, இன்றிரவே மாடிக்கு ஏறிப் பாருங்கள். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, சற்று நேரம் அங்கே அமருங்கள். மூச்சு முட்டினால் பதில் கிடைத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் முஸல்லா விரித்து சுபுஹு தொழ இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸஜ்தாவுக்கு இடமில்லாத அறையில் ஓர் அடியாரைக் குடிவைக்கக் கூடாது.

இரண்டாவது, நடுமுற்றத்தையும் பின்கதவையும் அடைத்திருந்தால் திறந்து விடுங்கள். மழைக்கு மறைப்பு வேண்டுமானால் பக்கவாட்டில் காற்றுப் புகும்படி உயர்த்திப் போடலாம். சுவரில் கை வைக்குமுன் விவரமறிந்தவரைக் கேளுங்கள், நகரசபை அனுமதியும் பெறுங்கள். மலைச்சரிவில் நடந்த கதை நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, அஞ்சடியை விட்டுக் கொடுங்கள். நம் கடைப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் இறங்குகிற கிழவியும், சக்கர நாற்காலிக்காரரும், பிள்ளையைத் தூக்கிய தாயும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனம் நோகிறார்கள்.

நான்காவது, எச்சில் சோற்றையும் பொரித்த எண்ணெயையும் லோங்காங்கில் கொட்டாதீர்கள். எண்ணெய் உறைந்து வடிகால் அடைபட்டால், மழை நாளில் அந்தத் தண்ணீர் முதலில் ஏறுவது தாழ்ந்த இடத்தில் குடியிருக்கும் ஏழையின் வீட்டிலேதான்.

ஐந்தாவது, பாத்திரங்களை மூடி வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதைக் கொசுவின் விஷயத்திலும் கடைப்பிடியுங்கள். டெங்கிக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரே அதற்குப் போதும். கடைக்குப் பின்னால் கிடக்கும் வாளி, பழைய டின், தார்ப்பாயின் மடிப்பு எதுவானாலும் சரி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன் அவற்றைக் கவிழ்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் மறதி வராது.

ஆறாவது, விசிறியால் ஆகிற இடத்தில் குளிர்சாதனம் வேண்டாம். வேண்டிய இடத்தில் அளவோடு வையுங்கள். அதன் சூட்டுக் காற்று நடப்பவர் முகத்தில் அடிக்காமல் திருப்புங்கள். வாயு ஒழுகினால் நிரப்புமுன் ஓட்டையை அடையுங்கள்.

ஏழாவது, வாசலில் ஒரு தொட்டியிலாவது ஒரு செடி, இடமிருந்தால் ஒரு மரம் வையுங்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்கு சதக்காவாகும் என்பது நபிமொழி. கியாமத்து வந்துவிட்டாலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடுமாறு சொன்ன மார்க்கம் நம்முடையது. இனி என்ன பயன் என்று சோர்ந்து உட்கார நமக்கு அனுமதியில்லை.

இவற்றில் எதுவும் பெரிய காரியமன்று. ஓர் ஆற்றைத் திருத்தப் பத்தாண்டும் ஓர் அரசாங்கமும் வேண்டியிருந்தன. ஒரு மாடியைத் திருத்த ஒரு முதலாளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். சங்கத்தின் அங்கத்தினர் யாவரும் தத்தம் கடையில் தொடங்கினால், ஒரு வீதியின் காற்று மாறும். வீதிகள் பல சேர்ந்ததுதான் ஊர். ஊர்கள் பல சேர்ந்ததுதான் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த இந்தப் பூமி.

அன்று அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு நம்மால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. இப்போது அந்தத் தம்பி ஜன்னலோரத்தில் படுக்கிறார். சுபுஹு பாங்கு அவர் காதில் விழுகிறது. அல்லாஹ்விடம் அந்தக் கேள்வி வரும் நாளில் இந்தப் பதிலையாவது அவன் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று இறைஞ்சுகிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் நேர்ந்த சீர்கேட்டை மன்னிப்பாயாக. எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கியது போல், அதைச் சம்பாதித்துத் தருகிறவர்களின் மூச்சையும் நாங்கள் பேணும்படி செய்வாயாக. எங்களிடம் வேலை செய்பவர்களை நலமுடன் அவரவர் தாயாரிடம் திரும்பக் கொண்டு சேர்ப்பாயாக. எங்கள் கடைகளிலும், எங்கள் வீதிகளிலும், நாங்கள் வாழும் இந்நாட்டிலும் பரக்கத்தைச் சொரிவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.